ஒரே ஒரு விசிறி

ஜனவரி. மான்டெவிடியோவில் உச்சக் கோடை.
வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசை விசிறி.
அதன் முகம் என் பக்கம் இல்லை.
பக்கத் தகட்டைக் கழற்றி
குடல் தெரியத் திறந்துவைத்த கணினிக்கே
காற்றெல்லாம்.
நான் வியர்வையைத் துடைத்துத் துடைத்து
யாருடைய வீட்டுக் குளியலறையையோ வரைகிறேன்.

பதின்மூன்று வயது அதற்கு.
ஒரு சுவரை நகர்த்தச் சொன்னால்
ஒரு மிடறு மாத்தே உறிஞ்சலாம்.
ஒரு குழாயைத் திருப்பிக் காட்டச் சொன்னால்
பிளாஸ்கில் வெந்நீர் தீர்ந்து
அடுப்படி போய்க் கொதிக்கவைத்து
திரும்பி வந்தாலும்
குழாய் பாதி வழியில் யோசித்துக்கொண்டு நிற்கும்.

போனில் மைத்துனன் வில்மார்:
"தூக்கிப் போடு, ஒஃபேலியா.
புதுசு வாங்கு. பன்னிரண்டே தவணை."
தவணை என்ற சொல்லை அவன்
மிட்டாய் மாதிரி கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறான்.
தவணையில் வாங்கிய அவனுடைய படகு
இன்னும் தண்ணீர் பார்க்காமல்
கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது.

சரி, கொஞ்சம் மட்டும் மாற்றலாமென்று
தண்ணீர் ரசீதின் முதுகில் கணக்கு எழுதினேன்.
புது பிராசசர் இந்த மதர்போர்டில் உட்காராது.
போர்டை மாற்றினால்
பழைய ராம் அதில் நுழையாது, வெட்டு வேறு இடத்தில்.
ராமும் வாங்கிவிட்டால்
பவர் சப்ளை மூச்சு வாங்கும்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
கடைசியில் பழையதென்று மிஞ்சுவது
கறுப்புத் தகரப் பெட்டியும்
அதன் மண்டையில் என் டம்ளர் போட்ட வட்டமும்.
இதற்குப் பெயர் மேம்படுத்துவதாம்.

முழுசாகப் புதியதென்றால்
நான் ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய வரைகலை மென்பொருள்
வாசலிலேயே நின்றுவிடும்.
அதன் புதிய தம்பி மாதாமாதம் வாடகை கேட்பான்.
பிஸ்கட் டப்பாவில் பணம் இருக்கிறது,
கூரை ஒழுகலுக்கென்று வைத்தது.
மேல்சுவரில் ஈரம் பிரேசில்போல் பரந்து
கீழே, என் மேசை இருக்கும்
உருகுவே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பழசின்மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம்.
குழல் டிவியை ஒருநாள் நடைபாதையில் வைத்துவிட்டு
திரும்பியே பார்க்காமல் வந்தவள் நான்.
எனக்குப் பாசம் பிஸ்கட் டப்பாவின்மேல்தான்.

ஞாயிறு. திரிஸ்தான் நர்வாஹா தெருச் சந்தை.
கூண்டுப் பறவைகளையும்
ஒற்றைச் செருப்புகளையும் தாண்டி
அனிபல் என்றொருவர்
கம்பளிக் காலுறைக்குள்ளிருந்து
இரண்டு ராம் துண்டுகளை உருவினார்.
"எங்கிருந்து?"
"மூடிப்போன நோட்டரி அலுவலகம்."
"வேலை செய்யுமா?"
"செய்யாவிட்டால் அடுத்த ஞாயிறும் இங்கேதான் இருப்பேன்."
ஒரு பீட்சாவும் ஒரு பீரும் வாங்கும் காசு.
கொசுறாக, சிறுவிரல் நீளத்தில்
வெப்பப் பசை ஒரு குழல்.

அன்று மாலை, பழைய பல் துலக்கியால்
இறக்கை இறக்கையாகத் தூசி எடுத்தேன்.
ஏதோ ஒரு கோடையின் கொசு
அப்படியே உலர்ந்து இருந்தது.
பசை தடவி, துண்டுகளை அழுத்தி, பொத்தானைத் தட்டினால்
பீப். பீப். பீப்.
திரை கறுப்பு.
நோட்டரியையும் அவர் சந்ததியையும் வைதேன்.
பிறகு இழுப்பறையைத் துழாவி
வெள்ளை ரப்பரைத் தேடினேன்.
என் தொழிலில் அதற்கு வேலை போய்
இருபது வருடம் ஆகிறது.
தங்கப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்,
கோணல் கோட்டை அழிப்பதுபோல்,
உருட்டுத்துகள் மடியில் உதிர.

இந்த முறை ஒரே ஒரு பீப்.
பதினாறு என்று தானே எண்ணிச் சொன்னது.
குழாய் திரும்பியது,
வேகமாக என்று சொல்ல மாட்டேன்,
ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

தகட்டை மூடித் திருகினேன்.
விசிறியின் கழுத்தைப் பிடித்து
என் பக்கம் திருப்பினேன்.

"கடைசியில் என்னதான் வாங்கினாய்?"
இரவில் வில்மார் கேட்டான்.
"பிப்ரவரி," என்றேன்.

மார்ச்சில் மழை தொடங்கிவிடும்.
டப்பாவை எடுத்துக்கொண்டு
முதலில் கூரைக்காரனைப் பார்க்க வேண்டும்.